முறத்தில் கிடந்த மொச்சை

(கொல்லிமலை, தேவனூர் நாட்டில் கார்த்திகை மாதம் கூடிய உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயறு வகைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்பது நேற்று மாலை வரை எனக்கு விளங்கவில்லை. மாலையில் இவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அவ்வீட்டு மூதாட்டியார், தொம்பைக்கு அருகில் வைத்திருந்த மண்சட்டியைக் கவிழ்த்து, விதை மொச்சையில் ஒரு பிடியை முறத்தில் பரப்பிக் காட்டினார். கறுப்பு, செம்பழுப்பு, வெண்மை, புள்ளி விழுந்தது என நான்கு நிறங்கள் அதில் இருந்தன. "எல்லாம் எங்கள் பாட்டி வைத்திருந்த விதைதான். அவளுக்கு அவள் மாமியார் கொடுத்தாள். அதற்கு முன்னே இது எங்கே இருந்ததையா?" என்று கேட்டார். இத்துறையிலேயே படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும், உடனே சுருக்கமாக விடை கூற எனக்கு வரவில்லை. "நாளைக் கூட்டத்தில் சொல்கிறேன், அம்மா" என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அவர் இதோ முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். இனித் தப்ப வழியில்லை.

மொச்சையின் குலம் எது என்பதை முதலில் பார்ப்போம். பூவின் நடுவிலுள்ள ஒற்றைச் சூலகம் நீண்டு காயாகி, முதிர்ந்தபின் இரு விளிம்புகளிலும் பிளந்து, இரண்டு ஓடுகளாகத் திறந்துகொள்ளும் தாவரங்களின் கூட்டம் இது. புளியங்காயும் நிலக்கடலையும் தாமாகப் பிளப்பதில்லை. ஆயினும் அவற்றின் அமைப்பும் இதுவே. இக்குடும்பத்தில் ஏறக்குறைய 20,000 இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களுள் ஆர்கிட் குடும்பத்திற்கும் சூரியகாந்திக் குடும்பத்திற்கும் அடுத்தபடியாகப் பெரியது இதுதான். உளுந்தும் துவரையும் மட்டுமல்ல, வேங்கையும் வாகையும் புங்கமும் கொன்றையும் ஈட்டியும் இவ்வினத்தவையே. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமும், வரப்பில் கால் பட்டால் கூம்பும் தொட்டாற்சுருங்கியும் இவர்களுக்கு உறவு. ஆனால், இவ்வளவு நீளமாகக் காய்க்கும் முருங்கை இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பெயரளவில் முருங்கையான கல்யாணமுருங்கையோ இக்குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரை நம்பி உறவு கொண்டாடுவது மரங்களிடத்தும் ஏமாற்றமாகவே முடிகிறது!

இக்குடும்பம் எப்போது தோன்றியது? நாம் அமர்ந்திருக்கும் இந்தக் கொல்லிமலைப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது என்று நிலநூல் வல்லுநர்கள் கணக்கிட்டுள்ளனர். அப்பாறையோடு ஒப்பிட்டால் அவரைக் குலம் நேற்றுப் பிறந்த குழந்தை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்கல் பூமியில் மோதியது. டைனோசர் என்னும் பெருவிலங்குகள் அழிந்தன. காடுகளும் பெரிதும் அழிந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அவ்வழிவுக்குப் பின் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள் கழித்துப் படிந்த பாறையில், இக்குடும்பத்தின் காய்கள் பதிந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இக்குடும்பத்திற்கு உரியவையாக அறியப்பட்ட மிகப் பழைய தடயங்களுள் அதுவும் ஒன்று. அழிவுக்குப்பின் காடு மீண்டும் எழுந்தபோது, அதில் முந்தி வந்து இடம் பிடித்தவற்றுள் அவரைக் குலமும் இருந்தது. அக்காலத்தில் நம் இந்தியா ஆசியாவோடு இணைந்திருக்கவில்லை. தனிப் பெருந்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை அப்போது பிறக்கவேயில்லை.

அவ்வாறாயின், தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே குடும்பத்து மரங்கள் எவ்வாறு இருக்கின்றன? கண்டங்கள் யாவும் ஒட்டியிருந்த காலத்திலேயே இவை பரவிவிட்டன என்று முன்னர் பலர் எண்ணினர். மரபணுக்களை ஒப்பிட்டுக் காலத்தைக் கணித்தபோது அவ்வெண்ணம் தளர்ந்தது. கண்டங்கள் பிரிந்து, இடையே கடல் புகுந்த பின்னரே இவற்றுட் பல பரவியுள்ளன என்பது தெரியவந்தது. கடலை எவ்வாறு கடந்தன என்று ஐயுறுவோர் கழற்சிக்காயை நினைத்துப் பாருங்கள். சிறுவர் சிறுமியர் விளையாடும் அந்தச் சாம்பல் நிற விதை கல்லைப் போல் கடினமானது. ஆயினும் நீரில் மிதப்பது. வெப்ப நாட்டுக் கரைகளிலிருந்து கடலில் விழும் கழற்சி விதைகள் பல்லாயிரம் மைல் மிதந்து சென்று, குளிர் மிகுந்த ஸ்காட்லாந்துக் கரையிலும் ஒதுங்குகின்றன. கெட்டியான தோலும், அதற்குள் நெடுங்காலம் உறங்கும் உயிரும் இக்குலத்தின் பெருஞ்செல்வம். அந்தத் தோலைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இக்குலத்தின் மற்றொரு செல்வம் மண்ணுக்குள் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவானது தழைச்சத்தே. ஆயினும் நெல்லோ, சாமையோ, மரவள்ளியோ அதை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. கடல் நடுவே நாவறண்டு நிற்பவன் நிலைதான் அவற்றுக்கு. பயறுச் செடிக்கு ஒரு துணை உண்டு. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதன் வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, அங்கே தங்கிக் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. செடி அதற்கு மாவுச்சத்தைக் கூலியாக அளிக்கிறது. ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவரும் அவருடைய துணைவர் வில்ஃபார்த்தும் 1886 முதல் 1888 வரையில் இவ்வுண்மையை நிலைநாட்டினர். ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் 1888இல் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். இக்குலத்தார் எல்லோர்க்கும் இவ்வாற்றல் கிட்டவில்லை. புளிக்கும் கொன்றைக்கும் வேர்முடிச்சு இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். பயறு விதைத்தாலே நிலம் கொழுத்துவிடும் என்று நாங்கள் மேடைதோறும் கூறி வந்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். காய் முற்றும்போது செடி சேர்த்த தழைச்சத்தின் பெரும்பங்கு மணிக்குள் சென்றுவிடுகிறது. மணியையும் எடுத்து, செடியையும் வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்விட்டால் நிலத்திற்கு எஞ்சுவது சொற்பமே. செடியை அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, உதிர்ந்த இலையையும் மாடு தின்று கழித்த எருவையும் நிலத்திற்கே திருப்பினால்தான் அடுத்த சாமைக்கு அதன் பயன் தெரியும்.

இனி மனிதன் இக்கதையில் நுழைகிறான். காட்டில் வளரும் பயறின் காய் முற்றியதும் வெடித்து மணிகளைச் சிதறடிக்கும். அது செடிக்கு நன்மை, அறுப்பவனுக்கு நட்டம். எப்போதோ ஒரு செடியின் காய் வெடிக்காமல் நின்றுவிடும். காட்டில் அச்செடிக்கு வாழ்வில்லை. ஆனால், கூடையோடு வரும் பெண்ணின் கைக்கு அகப்படுவது அக்காய்தான். அவள் அடுத்த ஆண்டு விதைத்ததும் அதன் விதையைத்தான். இவ்வாறே, தோல் தடித்து மூன்று மழைக்கும் முளைக்காமல் உறங்கும் விதையை உழவன் ஒதுக்கவில்லை; அதுவாகவே ஒதுங்கியது. முதல் மழைக்கே முளைத்தது மட்டும் அறுவடைக்கு வந்தது. யாரும் திட்டமிடவில்லை. நூற்றுக்கணக்கான தலைமுறைகள் விதைத்து அறுத்ததிலேயே காட்டுக்கொடி பயிராக மாறியது.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் கொள்ளு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி அதைக் குதிரைக்குத் தள்ளிவிட்டோம். ஆனால், வெளியிலிருந்து வந்ததென்று எவரும் கூற முடியாத, இத்தென்னாட்டு மண்ணுக்கே உரிய பயிர் அது. கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களில், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுப்புச் சாம்பலில் கொள்ளும் பாசிப்பயறும் கரிந்த நிலையில் கிடைத்துள்ளன. கரிந்ததனாலேயே மக்காமல் நமக்குக் கிட்டின. சமைக்கையில் கை தவறி அடுப்பில் விழுந்த மணிகள் நம் வரலாற்றைக் காப்பாற்றின என்றே கூற வேண்டும். அத்தகைய பழங்கொள்ளின் மணிகளை, இங்கிலாந்திலுள்ள ஒரு பெருங்கருவியின் எக்ஸ் கதிரால், உடைக்காமலே ஊடுருவிப் பார்த்து, தோலின் தடிப்பை அளந்தனர். 2017ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. கி.மு. 2000 அளவில் தொடங்கிப் பல நூற்றாண்டுகளில் தோல் சிறிது சிறிதாக மெலிந்து, கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்க நூற்றாண்டுகளில்தான் மெல்லிய தோல் நிலைபெற்றது என்று அது காட்டுகிறது. முன்னே சொன்ன அந்தத் தோலைக் கடலும் பாறையும் மெலிய வைக்கவில்லை. விதைத்தவர்களின் கை மெலிய வைத்தது.

கொள்ளு இங்கேயே தங்கிவிடவுமில்லை. தாய்லாந்தின் தென்பகுதியில் பழைய துறைமுக ஊர்களை அகழ்ந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற பாசிப்பயறும் கொள்ளும் கிடைத்தன. அப்பகுதியில் பூ காவோ தோங் என்னும் ஊரில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டொன்றும் கிடைத்துள்ளது. கடலோடிய தமிழன் கட்டுச்சோற்றோடு கொள்ளும் எடுத்துச் சென்றான் என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். ஆனால், அவ்வாறு எண்ணிப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

துவரையும் இந்நாட்டுக்குரியதே. அதன் காட்டு மூதாதை ஒடிசாவிலும் பஸ்தர் காடுகளிலும் இன்றும் வளர்கிறது. உளுந்தும் நம் நாட்டில் பிறந்ததே. மற்றவற்றுள் பல விருந்தினர். தட்டைப்பயறு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கடலையும் பட்டாணியும் மேற்கு ஆசியாவின. சந்தையில் விற்கும் பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தது. நிலக்கடலை தென் அமெரிக்காவின் பொலிவியாப் பக்கத்தில் பிறந்து, கொலம்பஸ் காலத்திற்குப் பின் கப்பலேறி உலகைச் சுற்றியது. ஆர்க்காட்டுப் பகுதிகளில் அதனை 'மணிலாக்கொட்டை' என்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகர் வழியே வந்த பாதையை அப்பெயர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. புளியோ ஆப்பிரிக்காவுக்கு உரியது. நம்மிடம் மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்து, இங்கிருந்து அதை வாங்கிய அரபு வணிகர்களால் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயரிடப்பட்டது. வந்தவன் ஊர்க்காரனாகிவிட்டான்!

இப்போது மூதாட்டியாரின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, உங்கள் மொச்சையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். நம் வீட்டுப் பந்தலில் ஏறும் அவரையும், கொல்லையில் படரும் மொச்சையும் பெயரால் இரண்டேயொழிய இனத்தால் ஒன்றே. அதன் காட்டுக்கொடி இன்றும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது. அங்கே அது இருமுறை, தனித்தனியே, பயிராக்கப்பட்டது என்று 2023இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. காய்க்கு இரண்டு விதை கொண்ட வகை எத்தியோப்பியாவோடு நின்றுவிட்டது. நான்கு விதை வகை என்று கூறப்படும் மற்றதே வெளிநாடுகளுக்குப் பரவியது. உங்கள் முறத்தில் கிடந்தது அதன் வழிவந்தது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டிலேயே அது தென்னிந்தியாவை அடைந்துவிட்டது. இங்குள்ள மண் அதற்குப் புதியதாகத் தோன்றியிராது. ஏனெனில், உளுந்து, கொள்ளு ஆகியவற்றின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தோடு மொச்சையும் தட்டையும் எளிதில் இணங்கும். சோயா அமெரிக்காவுக்குச் சென்றபோது அதற்கு இந்த வசதி இல்லை. பழைய சோயா வயலின் மண்ணை அள்ளிச் சென்று புதிய வயலில் தூவ வேண்டியிருந்தது.

அவ்விதை இங்கு வந்தபின் நடந்ததுதான் எனக்கு வியப்பளிக்கிறது. பழைய மொச்சை வகைகள் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழிவரை கொடியோடிக்கொண்டே இருந்து, பகல் சுருங்கிய பின் பூத்து, தைப்பொங்கலுக்குக் காய் தரும். பொங்கல் குழம்பில் மொச்சை விழுவது கதிரவன் வகுத்த ஏற்பாடு. அதுவரையில் கேழ்வரகும் சாமையும் முன்னே விளைந்து அறுவடையாகிவிடும். மொச்சை அந்தத் தாளின் மேல் படர்ந்து, மழை நின்ற பின்னும் மலைச்சரிவின் மண்ணைப் போர்த்தி நிற்கும். இக்கணக்கை எந்த ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மொச்சை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. அதனால்தான் கறுப்பு கறுப்பாகவும் புள்ளி புள்ளியாகவும் இத்தனை காலம் கலையாமல் நின்றிருக்கின்றன. நிறம் பிரித்து, சட்டி பிரித்து வைத்தவர்கள் பெண்கள்.

அந்தச் சட்டியில் விதை எவ்வளவு இருந்தது என்று நேற்றுப் பார்த்தேன். புள்ளி மொச்சை பதினொரு மணிகள். அவ்வளவே.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளியை வாங்கின. அது மலையேறிச் சாமைக் கொல்லைகளில் புகுந்தது. மரவள்ளியை நான் குறை கூற வரவில்லை. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கைமேல் காசு கொடுத்திருக்கிறது. ஆயினும், அகன்ற இடைவெளியில் நட்டு, கடைசியில் நிலத்தைத் தோண்டி எடுக்கும் பயிர் அது. சரிவான நிலத்தில் மண் ஓடும். சாமை போனால் அதனோடு ஊடுபயிரும் போகும். ஊடுபயிர் போனால் விதை போகும். நெல் விதை தீர்ந்தால் கடையில் வாங்கலாம். புள்ளி மொச்சை தீர்ந்தால் எக்கடையில் வாங்குவது?

இதில் எங்களைப் போன்றோரின் பங்கும் உண்டு. இளம் வயதில் வேறொரு மலையில் வேலை பார்த்தபோது, எந்தப் பட்டத்திலும் அறுபது எழுபது நாளில் பூக்கும் குத்து அவரை விதையை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாண்டு விளைச்சல் நன்றாக இருந்தது. மக்கள் மகிழ்ந்து பழைய கொடி மொச்சையை விதைக்காமல் விட்டனர். மூன்றாம் ஆண்டில் பூக்கும் தருணத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது, பூவெல்லாம் கொட்டிற்று. பழைய கொடியாக இருந்தால் மழை ஓய்ந்த பின் பூத்திருக்கும். விதை கேட்டு ஊர் ஊராக நடந்தேன். வைத்திருந்த சிறிதளவையும் பயறு வண்டு துளைத்துவிட்டிருந்தது. புது விதை கொடுத்தது பிழையன்று. பழையதில் ஒரு வரிசையாவது போட்டு வையுங்கள் என்று நான் சொல்லாமற்போனதுதான் பிழை.

ஆகவே இங்கே அதைச் சொல்லிவிடுகிறேன். மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரிசைக்கிடையே நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் உளுந்தோ தட்டையோ குறுகிய காலப் பயறாகப் பார்த்து விதைக்கலாம். கொடி மொச்சையை ஓரத்திலும், கல் பொறுக்கிக் குவித்த இடத்திலும் ஏற்றிவிடலாம். விதையைச் செம்மண் கட்டி, நன்றாக உலர்த்தி வைக்கும் பழைய முறை வண்டுக்கு நல்ல தடை. துவரைக்குச் செய்வதை மொச்சைக்கும் செய்து பாருங்கள். ஆனால், எவ்வளவு காத்தாலும் சட்டியில் விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்காது. ஆண்டுதோறும், இல்லையேல் ஓராண்டு விட்டு ஓராண்டேனும், மண்ணில் இறங்க வேண்டும்.

ஊராட்சிப் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு வேலை உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல இடங்களில் அப்பதிவேடு அலமாரியில் உறங்குவதை நான் கண்டிருக்கிறேன். அதில் மரம், பறவை என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த வீட்டில் எந்த மொச்சை, அதற்கு உங்கள் வழக்கில் என்ன பெயர், எப்போது விதைக்கிறார்கள், வேக எவ்வளவு நேரம் ஆகும், ருசி எப்படி என்பவற்றையும் எழுதுங்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் கூட்டத்தில் பின்வரிசையில் அமரும் பெண்களே. அவர்களைக் கேட்டு எழுதுங்கள். உழவர் தாம் காத்து வந்த வகையைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ள 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இடமளிக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் உங்களோடு உழைத்தது. சிறுதானியங்களுக்குச் சமூக விதை வங்கிகளும் அமைந்தன. சாமைக்கு ஒரு தொம்பை வைத்த ஊருக்கு, மொச்சைக்கு நான்கு சட்டிகள் வைப்பது பெரும் பாரமாகாது.

அந்தப் பதினொரு மணிகளுள் ஐந்தை மூதாட்டியார் என்னிடம் கொடுத்தார். நான் அவற்றை ஊருக்கு எடுத்துச் செல்லப்போவதில்லை. இக்கூட்டத்தில் யார் வரும் ஆடியில் விதைத்து, தையில் பத்து மணிகளாகத் திருப்பித் தர ஒப்புகிறீர்களோ, அவரிடம் கொடுத்துவிட்டே மலையிறங்குவேன்.

நேரமாகிவிட்டது. எதிரே உள்ள கொல்லையில் மொச்சை இப்போதுதான் பூ எடுத்திருக்கிறது. உரியவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்ப்போம். உள்ளே இரத்தம்போல் சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் என்ன செய்வது என்பதை அங்கேயே பேசிக்கொள்ளலாம். குழந்தைகளை முன்னே விடுங்கள்.